பத்து நிமிட கிட்: ‘இல்லை’ என்றால் பெரும்பாலும் நம்பலாம், ‘இருக்கிறது’ என்றால் பொறுங்கள்

கால்நடை டாக்டரின் மேசையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டை இருக்கும். கர்ப்பம் பார்க்க வாங்குகிற பட்டையைப் போலவே இருக்கும், ஆனால் இரண்டு ஜன்னல்கள். ஒன்று பூனை லுக்கீமியா வைரஸுக்கு. மற்றது பூனை எய்ட்ஸ் என்று பேச்சுவழக்கில் சொல்லும் எஃப்.ஐ.வி.க்கு. ஓரிரு சொட்டு ரத்தம் விட்டால் பத்து நிமிடத்தில் முடிவு வந்துவிடும். இந்த ரேபிட் கிட்டைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. பிராண்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் சொல்ல வருவது இந்த வகைக் கிட்டுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘வைரஸ் இல்லை’ என்று இது சொன்னால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ‘இருக்கிறது’ என்று சொன்னால், அதுவும் நன்றாக ஓடியாடுகிற பூனையைப் பார்த்துச் சொன்னால், அந்தப் பதிலுக்கு மட்டும் ஐந்துக்கு ஒன்றரை. ஒரே கிட், ஒரே ரத்தம், ஆனால் இரண்டு பதில்களுக்கும் இவ்வளவு தூரம். அந்தத் தூரத்தை யோசிக்காத ஒரு கிளினிக்கில், எங்கள் பூனை சிட்டுவை ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார்கள். அதனால்தான் உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

சிட்டு எங்கள் வீட்டுக்குத் தானாக வந்து சேர்ந்தவள். பல்லைப் பார்த்து ஒரு வயதிருக்கும் என்றார்கள். நல்ல பசி, மினுமினுக்கும் முடி, காய்ச்சல் கிடையாது, ஈறு நல்ல இளஞ்சிவப்பு. வீட்டில் ஏற்கெனவே மணி இருக்கிறான், வயதானவன், யாரைப் பார்த்தாலும் நக்கிக் கொடுக்கிற சுபாவம். இரண்டு பேரையும் சேர்த்து விடுவதற்கு முன் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். அந்த ஆலோசனை சரியானது. லுக்கீமியா வைரஸ் முக்கியமாக எச்சில் வழியாகவும் மூக்குச் சளி வழியாகவும் பரவும். சண்டை போட்டுக் கடித்தால்தான் பரவும் என்றில்லை. ஒருவரையொருவர் நக்குவது, ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவது, இப்படிச் சிநேகமாக இருக்கிற பூனைகளுக்கு நடுவே நன்றாகவே பரவும். தாயிடமிருந்து குட்டிக்கும் போகும். நல்ல வேளையாக, உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் அதிக நேரம் தாங்காது. தனி அறை, தனிக் கிண்ணம், தனி மணல் தட்டு இருந்தாலே மற்றப் பூனைக்குப் பாதுகாப்பு.

கிட் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு ஜன்னல்களும் ஒரே மாதிரி இருந்தாலும் தேடுகிற பொருள் வேறு. லுக்கீமியா ஜன்னல் வைரஸையே தேடுகிறது, அதாவது பி27 என்ற வைரஸ் புரதத்தை. எஃப்.ஐ.வி. ஜன்னலோ வைரஸை எதிர்த்துப் பூனையின் உடம்பு தயாரித்த எதிர்ப்புப் புரதங்களைத் தேடுகிறது. அதனால்தான் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு எஃப்.ஐ.வி. பாசிட்டிவ் வந்தால், அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதமாக இருக்கலாம் என்று மறுபடி பார்ப்பார்கள். லுக்கீமியா ஜன்னலுக்கு அந்தச் சிக்கல் கிடையாது, எந்த வயதிலும் பார்க்கலாம். லுக்கீமியா தடுப்பூசி போட்ட பூனைக்கும் பார்க்கலாம். இதுவரைக்கும் கிட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் ரத்தம் போதும், பூனை மேசையில் இருக்கும்போதே பதில் வந்துவிடுகிறது, தனி இயந்திரம் எதுவும் வேண்டாம்.

சிட்டுவின் எஃப்.ஐ.வி. ஜன்னல் சுத்தமாக இருந்தது. லுக்கீமியா ஜன்னலில் கன்ட்ரோல் கோடு, அதாவது கிட் ஒழுங்காக வேலை செய்கிறது என்று காட்டுகிற கோடு, அழுத்தமாகத் தெரிய, அதற்குப் பக்கத்தில் மெல்லிசாக இன்னொரு கோடு. பட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிற அளவு. அந்த டாக்டர் ஒரு தடவை பார்த்துவிட்டு, “பாசிட்டிவ்தான் மேடம். இதுக்கு மருந்து கிடையாது. இன்னொரு பூனை வேற வச்சிருக்கீங்க. கஷ்டப்படாம முடிச்சுடறது அதுக்கும் நல்லது” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வைரஸை முழுதாக ஒழிக்கும் மருந்து இல்லை என்று அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் ஒரு மெல்லிய கோட்டிலிருந்து ஒரு உயிரை முடிக்கும் முடிவுக்கு அவர் வந்த வேகத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சிட்டு அப்போது மேசையில் உட்கார்ந்து என் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். வண்டியில் என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மெல்லிய கோட்டைக் கணக்கில் எடுக்கலாமா என்றால், எடுக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் தெரிகிற எந்தக் கோடும் பாசிட்டிவ் என்றுதான் பொதுவாகக் கிட்டின் அறிவுறுத்தலில் இருக்கும். நேரம் கடந்த பிறகு தோன்றும் கோட்டைத்தான் விட்டுவிட வேண்டும். பட்டையைக் குளிர்ச்சியாகவே பயன்படுத்துவது, ரத்தச் செல்கள் உடைந்து சிவந்துபோன மாதிரியை விடுவது, இவையெல்லாம் முடிவைக் குழப்பக் கூடியவை. சரி, எல்லாம் ஒழுங்காக நடந்து ஒரு கோடு வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

நான் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை, ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்குக்காக ஒரு கிட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வைரஸ் உள்ள நூறு பூனைகளில் 98-ஐப் பிடிக்கும், வைரஸ் இல்லாத நூறில் 98-ஐச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும். கேட்டால் பிரமாதமான கிட் என்றுதான் தோன்றும். இப்போது பார்வைக்கு நன்றாக இருக்கிற ஆயிரம் பூனைகளை இதில் சோதிப்போம். அவற்றில் நூற்றுக்கு ஒன்றுக்கு வைரஸ் என்றால் மொத்தம் 10 பூனைகள். அந்தப் பத்தும் பிடிபட்டதாகவே வைத்துக்கொள்வோம். மீதி 990 பூனைகளில் நூற்றுக்கு இரண்டு தப்பாகக் கோடு காட்டும், அதாவது ஏறக்குறைய 20. ஆக மொத்தம் 30 பூனைகளுக்குக் கோடு வருகிறது, அதில் 20 பூனைகளுக்கு வைரஸே இல்லை.

இதே கிட்டை நோய்ப்பட்ட பூனைகளிடம் எடுத்துப் போவோம். சோகை பிடித்து, இளைத்து, கட்டி தெரிந்து வருகிற ஆயிரம் பூனைகள். இவற்றில் 200-க்கு வைரஸ் இருக்கிறது என்று வைத்தால் 196 பிடிபடும். மீதி 800-இல் 16 தப்பாகக் கோடு காட்டும். 212 கோடுகளில் 16 மட்டும்தான் பொய். முதல் கூட்டத்தில் மூன்றில் இரண்டு கோடுகள் பொய், இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலும் எல்லாமே மெய். கோட்டின் பொருளை முடிவு செய்ததில், அது யார் மேல் விழுந்தது என்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. முதல் கூட்டத்தில் ‘இல்லை’ என்று வந்த 970 பூனைகளைப் பாருங்கள், அநேகமாக அத்தனையும் சரி. நான் கொடுத்த நான்கும் ஒன்றரையும் இந்தத் தாளிலிருந்து வந்தவை.

அடுத்துப் போன பெண் டாக்டரிடம் இந்தத் தாளைக் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, “கணக்கு சரிதான் டீச்சர். ஆனா சிட்டு இந்த இருபதுல இருக்காளா, அந்தப் பத்துல இருக்காளான்னு தாள் சொல்லாது. ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கேப்போம்” என்றார். அவர் தந்த சேவைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து போடுவேன். கடைசி வரைக்கும் அவர் எனக்கு ஒரு உறுதியான பதிலும் தரவில்லை, இருந்தாலும் ஐந்துதான்.

அவர் செய்தது இதுதான். ரத்தம் உறையாமல் வைக்கிற இ.டி.டி.ஏ. குழாயில் புதிதாக ரத்தம் எடுத்து இரண்டு பரிசோதனைகளுக்கு அனுப்பினார். ஒன்று, அதே பி27 புரதத்தை ஆய்வகத்தில் அளந்து பார்க்கிற எலைசா. கிட் கோடு உண்டா இல்லையா என்று மட்டும் காட்டும், இது எவ்வளவு என்று சொல்லும். மற்றது பி.சி.ஆர். லுக்கீமியா வைரஸ் ரெட்ரோவைரஸ் இனம். தன் மரபுச் செய்தியைப் பூனையின் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.விலேயே எழுதிவிடும். வைரஸ் ரத்தத்தில் சுற்றுவதை நிறுத்திவிட்டாலும் அந்த எழுத்து செல்லுக்குள் இருந்துகொண்டே இருக்கும். பி.சி.ஆர். தேடுவது அந்த எழுத்தை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களிலும் தட்டணுக்களிலும் வைரஸ் புரதத்தைத் தேடுகிற ஐ.எஃப்.ஏ. என்ற பழைய பரிசோதனையும் உண்டு. எலும்பு மஜ்ஜை வரைக்கும் வைரஸ் போன பிறகுதான் அதில் தெரியும் என்பதால், அது நெகட்டிவ் என்று வந்தால் மட்டும் நிம்மதி அடைய முடியாது என்று சொல்லி அதை அவர் எழுதவில்லை.

முடிவுக்காகக் காத்திருந்தபோது அவரே வரைந்து விளக்கினார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரட் குழுவினர் 1964-இல் இந்த வைரஸைக் கண்டார்கள், ஒரே வீட்டுப் பூனைகளுக்கு அடுத்தடுத்து லிம்ஃபோமா புற்றுநோய் வந்ததைத் தொடர்ந்து போனதில். அன்றிலிருந்து மெல்ல மெல்லத் தெரிய வந்தது, வைரஸ் உள்ளே நுழைந்த எல்லாப் பூனைகளும் ஒரே வழியில் போவதில்லை என்பது. சில பூனைகளின் எதிர்ப்புச் சக்தி ஆரம்பத்திலேயே வைரஸை விரட்டிவிடும், எதிர்ப்புப் புரதம் மட்டும்தான் தடயம். சில பூனைகளில் வைரஸ் கொஞ்ச காலம் ரத்தத்தில் சுற்றிவிட்டு அடங்கிவிடும், செல்லுக்குள் எழுதிய எழுத்து மட்டும் நிற்கும். இன்னும் சில பூனைகளில் அடங்காமல் பெருகிக்கொண்டே போகும். மூன்றாவது வகைதான் எல்லோரும் பயப்படுகிற வகை. சோகை, லிம்ஃபோமா, தொற்று மேல் தொற்று என்று வந்து, கண்டுபிடித்த சுமார் மூன்று ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. அதிலும் பல ஆண்டுகள் தாங்கியவை உண்டு. முதல் நாள் கிட்டில் தெரியும் கோடு, பூனை இரண்டாவது வழியில் போகிறதா மூன்றாவதிலா என்பதைச் சொல்லாது. சொல்லவும் முடியாது, ஏனென்றால் பல சமயம் அது அன்றைக்கு இன்னும் முடிவாகியே இருக்காது.

ஆய்வக முடிவு வந்தது. எலைசா பாசிட்டிவ், ஆனால் அளவு குறைவு. பி.சி.ஆர். பாசிட்டிவ், அதுவும் குறைவு. அதாவது கிட் பொய் சொல்லவில்லை. என் கணக்கில் வந்த அந்த இருபதில் சிட்டு இல்லை, பத்தில்தான் இருந்தாள். இதை மறைக்காமல் எழுத வேண்டும். ஏனென்றால் ‘கிட் தப்பாகச் சொன்னது, எங்கள் பூனை பிழைத்தது’ என்கிற கதை இல்லை இது. கிட் சரியாகவே சொன்னது. அதை வைத்து அந்த முதல் கிளினிக் போட்ட தீர்ப்புதான் சரியில்லை.

குறைந்த அளவு என்பது அடங்குகிற வழிக்கான அறிகுறியாக இருக்கலாம், உறுதியில்லை, போகப் போக மாறலாம் என்றார் டாக்டர். சில வாரங்கள் விட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். அந்த இடைவெளியைப் பற்றி எந்தக் கிட்டின் அட்டையிலும் எழுதியிருக்காது. மணியின் பாதுகாப்பை நினைத்து அவளுக்கு நோய் இருப்பதாக நடந்துகொள்ள வேண்டும். அவளை நினைத்து நோயே இல்லாததைப் போல நடந்துகொள்ள வேண்டும். அவள் இருக்கும் அறையை விட்டு நான் வெளியே வரும்போது கை கழுவிச் சட்டை மாற்றுவேன், உள்ளே போனால் மடியில் போட்டுக் கொஞ்சுவேன். கதவுக்கு இந்தப் பக்கம் மணி படுத்திருப்பான், அடியில் தெரிகிற இடுக்கில் அவள் கால் நகரும். மகள் தினமும் அவள் ஈறைப் பார்ப்பாள், எடை பார்ப்பாள், கொஞ்சம் தும்மினாலும் ஓடி வந்து, “அம்மா, இது அதுவா?” என்பாள். எனக்கும் தெரியாது. நோய் என்று உறுதியாகச் சொல்லியிருந்தால்கூட அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம் என்று அந்த நாட்களில் நினைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் கிட்டின் ‘இல்லை’க்கு ஏன் ஐந்து கொடுக்காமல் நான்கு கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கும் அதே கிட்டில் பார்த்தோம். நெகட்டிவ். ஆனால் வைரஸ் உள்ளே போன பிறகு பி27 ரத்தத்தில் தெரிய ஏறக்குறைய 30 நாட்கள் வரை ஆகலாம், சிலவற்றில் இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். சிட்டு வந்த புதிதில் இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு முகர்ந்திருக்கிறார்கள். அதனால் மணியின் அந்த ‘இல்லை’ என்பது, அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு வரை இல்லை என்ற அளவுக்குத்தான். இரண்டாவது முறையும் நெகட்டிவ் வந்த பிறகு தடுப்பூசி போட்டார்கள். புதிதாகத் தெருவிலிருந்து பூனையைச் சேர்க்கிறவர்கள் முதல் நெகட்டிவைப் பார்த்தவுடன் கதவைத் திறந்துவிடக் கூடாது. மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிட்டுவின் மறுபரிசோதனையில் எலைசா நெகட்டிவ். பி.சி.ஆர். இன்னும் பாசிட்டிவ், குறைந்த அளவு. கிட்டை மறுபடி போட்டுப் பார்த்ததில் கோடும் இல்லை. வைரஸ் அடங்கிவிட்ட நிலை என்று இதைச் சொல்வார்கள். இந்த நிலையில் எச்சிலில் வைரஸ் வராது, பொதுவாக மற்றப் பூனைக்குப் பரவாது. ஆனால் எதிர்ப்புச் சக்தியை அமுக்குகிற நோயோ மருந்தோ வந்தால் மறுபடி கிளம்பக் கூடும், அதனால் ஸ்டீராய்டு கொடுப்பதற்கு முன் எந்த டாக்டரிடமும் இந்த விவரத்தைச் சொல்ல வேண்டும். இவள் ரத்த தானம் செய்யவே கூடாது, ரத்தத்தோடு அந்த எழுத்தும் போய் வாங்குகிற பூனைக்குத் தொற்று வந்துவிடலாம். இவளுக்கு லிம்ஃபோமா வரவே வராது என்றும் சொல்வதற்கில்லை. “இன்னைய தேதிக்கு இதுதான் தெரியுது. அடுத்த தடவை வேற மாதிரி தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி பண்ணுவோம்” என்றார் டாக்டர். நான் எதிர்பார்த்து வந்த ‘ஆம், இல்லை’ இரண்டில் எதுவும் இல்லை. ஆனால் எங்களுக்கு யாரும் தராத நேர்மையான பதில் அது.

தயாரிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். பாசிட்டிவ் வந்தால் வேறு பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும் என்பது கிட்டுக்குள் மடித்து வைக்கிற தாளுக்கு உரிய செய்தி. ஆனால் அந்தத் தாள் கிளினிக்கின் குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது. பூனையை வளர்ப்பவர் கண்ணில் படுவதே இல்லை. ஒவ்வொரு கிட்டோடும் பூனையின் சொந்தக்காரர் கையில் கொடுக்க ஒரு தனித் தாள் வையுங்கள். பாசிட்டிவ் வந்தால் அடுத்து என்ன, நெகட்டிவ் வந்தால் எப்போது மறுபடி பார்ப்பது, இந்த இரண்டும் இருந்தால் போதும். அமெரிக்காவின் பூனை மருத்துவர்கள் சங்கம் 2020-இல் வெளியிட்ட ரெட்ரோவைரஸ் வழிகாட்டி, பூனைக்கு இந்தத் தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கருணைக்கொலை முடிவை எடுக்கக் கூடாது என்கிறது. தொற்று உறுதியான பூனைக்கே அப்படி என்றால், ஒரு மெல்லிய கோட்டுக்கு என்ன சொல்வது.

பூனைக் காப்பகம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கிட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிறையப் பூனைகளைச் சீக்கிரம் பிரித்து வைக்க இதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை, ‘இல்லை’ என்ற பதில்தான் அங்கே அதிகம் தேவை. வீட்டில் வளர்ப்பவர்கள் பரிசோதனைக்குப் போகும்போது சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். எச்சிலிலோ கண்ணீரிலோ பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லி, ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட நேரம் முடிந்தவுடன் பட்டையை நீங்களே பார்த்து, நேரம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மெல்லிய கோடாக இருந்தால் அடுத்த டாக்டருக்கு அந்தப் படம் உதவும். அப்புறம், கிட்டுக்கு எடுக்கும்போதே இ.டி.டி.ஏ. குழாயில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் எடுத்துக் குளிர்பதனத்தில் வைக்கச் சொல்லுங்கள். கோடு வராவிட்டால் கொட்டிவிடலாம். வந்தால் பயந்து போயிருக்கும் பூனையை மறுபடி ஊசியால் குத்தாமல் அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம்.